ராயப்பன் என்கிற பீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே என் மருமகள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். ஆனால் இளம் வக்கீல்களான நீங்கள் வெளிநாட்டுச் சொத்து, வாரிசு, வரி என்று ஃபைலைக் கையில் எடுக்கப் போகிறவர்கள். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்பதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், இப்போது ஃபோனிலேயே வருகிறதாம். நான் சொல்லப்போவது அதில் வராது.

எழுபதுகளின் கடைசி. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொத்திக்கொண்டு மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசுக்கு ஜூனியராகப் போய்வந்துகொண்டிருந்தேன். மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று போய்ச் சம்பாதித்து அங்கேயே செத்துப்போனவர்களின் குடும்பங்கள் எங்கள் சீனியரைத் தேடி வரும். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று அந்த ஃபைல்களை என் பக்கம் தள்ளிவிடுவார். நன்றாக வரும் என்று எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. வியாதியே அதுதான்.

ஞானம்மாள் டீச்சர் வந்தது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில். பாலக்கரையில் ஒரு மாதாகோயில் சாமியார் நடத்திய ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் ராயப்பன் மலேயாவில், ஈப்போவில் ஒரு கம்பெனியில் கிளார்க். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அங்கே ஒரு வீடு வாங்கியிருந்தார், அதற்கு முதல் பணம் டீச்சரின் வளையல்கள். ரிடையர் ஆனதும் அதை விற்றுவிட்டு வந்து இங்கே ஒரு வீடு வாங்குவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். டீச்சர் அதுவரை வாடகைக்கு ஒரு போர்ஷனில், காலேஜில் படிக்கும் மகளோடு இருந்தார். ஒருநாள் மார்வலி என்று உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். டீச்சருக்கு முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

இது நடந்து இரண்டாவது மாதம் ஒரு தந்தி வந்தது. கணவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அடித்திருந்தார். தம்பி கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டான், கல்யாணச் சான்று உடனே அனுப்பவும். அவ்வளவுதான் தந்தி. விவரம் பின்னாலேயே வந்த கடிதத்தில் இருந்தது. தம்பி என்றால் ராயப்பனின் கூடப் பிறந்தவன் சின்னப்பன். அண்ணன் டிக்கெட் எடுத்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய் வேலை வாங்கிக் கொடுத்த தம்பி. அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாமல் செத்துப்போனார், ஆகவே வீடு எனக்கு என்று மனுப் போட்டிருக்கிறான். இதே ஆள் அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். இதைச் சொல்லும்போது டீச்சருக்கு அழுகை வரவில்லை, நான்தான் தந்தியைக் கசக்கிவிட்டேன்.

டீச்சரிடம் இருந்த ஒரே சான்று, கோயில் கல்யாணப் புத்தகத்திலிருந்து சாமியார் எழுதிக் கொடுத்த நகல். பழைய புத்தகம் என்பதால் எல்லாம் லத்தீன். மூன்று நாளைக்குள் விமானத் தபாலில் அனுப்பியாக வேண்டும். நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன், டீச்சர் எதிரே உட்கார்ந்தார். மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் "பெத்ருஸ்" என்று இருந்தது. இது என்னம்மா என்று கேட்டேன்.

"அது ராயப்பருங்க சார்" என்றார்.

இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பேதுருவை ராயப்பர் என்பார்கள். பவுலைச் சின்னப்பர் என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் திருநாள், அதனால் அந்த அப்பா மூத்தவனுக்கு ராயப்பன் என்றும் இளையவனுக்குச் சின்னப்பன் என்றும் வைத்திருக்கிறார். லத்தீனில் பெத்ருஸ், இங்கிலீஷில் பீட்டர், பாலக்கரையில் ராயப்பன். மூன்றும் ஒருவர்தான் என்பது அங்கே காய்கறிக்காரிக்குக்கூடத் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதால் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைக் கண்டால் நீங்கள் பயப்பட வேண்டும். கோர்ட்டில் அதற்குச் சாட்சியே கிடைக்காது.

நான் பயப்படவில்லை. லத்தீனையே தமிழாக்கி, தமிழை இங்கிலீஷில் அடித்தேன். மாப்பிள்ளை பெயர் ராயப்பன். டீச்சரின் சத்தியப் பிரமாணத்திலும் என் கணவர் ராயப்பன். நோட்டரியிடம் முத்திரை வாங்கினேன். லத்தீன் நகல் தபாலில் தொலைந்துவிடுமோ என்று அதை ஆபீசிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பினேன். ஈப்போவில் வீட்டுப் பத்திரம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேட்டு ஒரு வரி எழுதவில்லை. அந்த ஊர்க் காகிதம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, டீச்சரிடம் கவலைப்படாதீங்க என்று வேறு சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வீடு பீட்டர் என்ற பெயரில் இருந்தது. ராயப்பன் என்பது கம்பெனி துரை வாயில் நுழையவில்லை, அதனால் மனிதர் போன முதல் வாரமே பீட்டர் ஆகிவிட்டார். தம்பியின் வக்கீல் நான் அனுப்பிய காகிதத்தையே எடுத்து எங்களை அடித்துவிட்டார். இந்த அம்மாள் யாரோ ராயப்பன் என்பவரின் மனைவி, அவரே அப்படிச் சத்தியம் செய்திருக்கிறார், காலமான பீட்டருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்று வாதம். அங்கே செத்தவர் சொத்துக்கு வரி போடுகிற ஆபீசும், மனைவி என்பதற்கு ஆதாரம் இல்லாதவரோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள முடியாது என்று இரண்டு வரி எழுதிவிட்டது. தம்பியின் மனுவில் கையெழுத்து எப்படி இருந்தது தெரியுமா? பால். சின்னப்பருக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். இங்கே சின்னப்பனாக இருந்தவன் அங்கே பால் ஆகலாமாம். அண்ணன் மட்டும் ராயப்பன் ஒருவர், பீட்டர் ஒருவர் என்று இரண்டு ஆளாம். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

சீனியரிடம் போய் நின்றேன். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர், தினமும் சகஸ்ரநாமம் முடித்துவிட்டுத்தான் காபி குடிப்பவர். காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெருமாளுக்கு ஆயிரம் திருநாமம் சொல்றவன்யா நீ. மனுஷனுக்கு ரெண்டு பேர் இருக்கும்னு நோக்குத் தோணலையா?" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தப்பு நம்மளதுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிட்டியோ?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. சாயங்காலம் டீச்சர் வந்தபோது, ஈப்போ ஆபீசில் பெயரில் ஏதோ குழப்பம் பண்ணிவிட்டார்கள், அயோக்கியப் பசங்கள் என்று பொதுவாகத் திட்டினேன். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த தபாலிலேயே திருத்திய மொழிபெயர்ப்பு போயிற்று. இந்த முறை லத்தீன் நகலும் போயிற்று. அங்கே என்ன சொன்னார்கள்? முதலில் சத்தியம் செய்தது ஒன்று, இப்போது சொல்வது ஒன்று, எங்களுக்கு ஏற்றமாதிரி பெயரை மாற்றிக்கொண்டு வருகிறீர்கள் என்றார்கள். அதற்கு நான் கோபப்பட முடியாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒருமுறை சத்தியம் செய்த காகிதத்துக்கு அப்புறம் வருகிற உண்மைக்குப் பாதி மதிப்புதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாமியார் கடிதம் கொடுத்தார், அவர் தனிநபர் என்று தள்ளிவிட்டார்கள். கணவர் எழுதிய கடிதங்களைக் காட்டலாம் என்றால், எல்லாவற்றிலும் அடியில் "உன் ராயப்பன்" என்றுதான் இருந்தது. அரசாங்கம் கொடுத்த காகிதம் ஒன்று வேண்டும், அதில் இருவரும் ஒருவரே என்று இருக்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

தாலுகா ஆபீசுக்கு நடந்தோம். டீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வருவார், நான் ஃபைலோடு வருவேன். ஒரே நபர் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதைக் கொடுக்க வேண்டிய ஆள், இறந்தவர் எங்கள் எல்லையில் இறக்கவில்லை என்றார். பிறந்தது இங்கேதானே என்றேன். பிறந்ததற்கு வேறு சீட் என்றார். அந்த வேறு சீட்டில் இருந்தவர், ராயப்பனுக்கு வேண்டுமானால் தருகிறேன், பீட்டரை எனக்குத் தெரியாது என்றார். அந்த ஆளும் கத்தோலிக்கர்தான். சட்டைக்குள் சிலுவை தெரிகிறது. உங்கள் பூசையில் ராயப்பர் என்றால் யாரய்யா என்று நான் சத்தம் போட, அவர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார். நான் போட்ட சத்தத்தில் அந்த ஆபீசில் அதன் பிறகு எங்கள் மனுவே காணாமல் போயிற்று. கோபத்தைக் கட்சிக்காரர் கணக்கில் செலவழிக்காதீர்கள் என்று சீனியர் சொல்வார். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. அப்புறம்தான் நம்ம ஊர் வரி ஆபீசிலிருந்து டீச்சருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது.

அந்தக் காலத்தில் இங்கேயும் செத்தவர் விட்டுப்போன சொத்துக்கு ஒரு வரி இருந்தது. எஸ்டேட் டியூட்டி என்பார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். கணவர் ஈப்போவில் வீடு விட்டுப்போயிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, கணக்கு ஏன் காட்டவில்லை, பதினைந்து நாளில் பதில் சொல் என்று நோட்டீஸ். அங்கே நீ மனைவியே இல்லை என்கிறார்கள். இங்கே நீ மனைவி, வரியைக் கட்டு என்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையை இரண்டு தேசம் சேர்ந்துகொண்டு இப்படியா பந்தாடும்? நான் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தேன்.

எழுந்தவன் உட்கார்ந்து ஒரு பதில் தயாரித்தேன். கெட்டிக்காரத்தனமான பதில். ஈப்போ ஆபீசே இவர் பீட்டரின் மனைவி அல்ல என்று எழுத்தில் சொல்லியிருக்கிறது. பீட்டரின் வீட்டோடு இவருக்குச் சம்பந்தமில்லை. ஆகவே இவருக்கு வந்த சொத்தும் இல்லை, கட்ட வேண்டிய வரியும் இல்லை. அவர்கள் ஆயுதத்தாலேயே இவர்களை வெட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சீனியர் அன்று மதுரைக்குப் போயிருந்தார். டீச்சரை வரச்சொல்லி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காகிதத்தை நீட்டினேன்.

டீச்சர் மூன்றாம் வகுப்புக்காரர்களின் கோடு போட்ட நோட்டைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இங்கிலீஷ் மெதுவாகத்தான் படிப்பார், ஆனால் படிப்பார். முடித்ததும் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அவர் பொண்டாட்டி இல்லைன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா சார்?"

இது வரிக்காக மட்டும்தான், ஒரு வாதம்தான் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே நோட்டீசை எடுத்து என் பக்கம் திருப்பினார். முதல் வரியில் விலாசத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"இந்த ஒரு ஆபீஸுதான் சார் நான் அவர் சம்சாரம்னு எழுதியிருக்கு. வரி கட்டச் சொன்னாலும் பரவாயில்லை, கட்டிட்டுப் போறேன். இவங்ககிட்டயும் போயி இல்லைன்னு சொல்ல என்னால முடியாது."

அப்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். சத்தியமாக அதுவரை பார்க்கவில்லை. நோட்டீஸ் கைக்கு வந்ததும் செக்ஷன் நம்பருக்கும் கெடு தேதிக்கும்தான் என் கண் போயிற்று. அந்த வரியில் இங்கிலீஷில் இருந்தது இதுதான்: திருமதி ஞானம்மாள், ஈப்போவில் காலமான ராயப்பன் அலையஸ் பீட்டரின் மனைவி. அடியில் அதிகாரி கையெழுத்து, வட்ட முத்திரை. ஒன்றரை வருஷமாக நாயாய்ப் பேயாய் அலைந்து கிடைக்காத காகிதம் நாலு நாளாக என் மேஜைமேல் கிடந்திருக்கிறது. நானோ அதற்குப் பதிலாக, நான் அவர் மனைவி இல்லை என்று டீச்சரிடமே கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்ப இருந்தேன். அது போயிருந்தால் எந்த தேவதூதன் வந்தும் அந்த வீட்டை மீட்டிருக்க முடியாது.

என் பதிலைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மூன்று வரியில் வேறு பதில் எழுதினோம். ஆம், நான்தான் அவர் மனைவி. வீடும் மனையும் அந்நிய தேசத்தில் இருப்பதால் இங்கத்திய வரி அதற்குக் கிடையாது. நோட்டீசுக்கும் அதற்கு ஆதாரமான தகவலுக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். டீச்சரையும் கூட்டிக்கொண்டு நேரே போனேன். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, வரி கிடையாதுதான் என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், நான் கத்தத் தயாராக வந்தது வீணாயிற்று. தகவல் எங்கிருந்து வந்தது என்று காட்டினார். ஈப்போ தபால் முத்திரையோடு ஒரு மொட்டைக் கடுதாசி. அங்கே பீட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ராயப்பனின் சம்சாரம் பாலக்கரையில் வெளிநாட்டுச் சொத்தை மறைத்து வைத்திருக்கிறாள் என்று தமிழில் எழுதியிருந்தது.

டீச்சர் எழுத்தைப் பார்த்த உடனே, "இது எங்க சின்னப்பன் எழுத்து சார். 'ழ'வுக்கு எப்பவும் இப்படித்தான் வால் விடுவான்" என்றார்.

கல்யாணமே ஆகாதவர் என்று அங்கே சத்தியம் செய்துவிட்டு, இங்கே சம்சாரம் என்று எழுதிப் போட்டிருக்கிறான். வரிக்காரர்களை ஏவிவிட்டால் அண்ணி பயந்து விலகிவிடுவாள் என்று கணக்கு. தன் வாயாலேயே கெட்டான். இரண்டு நகலும் முத்திரையோடு ஈப்போவுக்குப் போயின. தம்பியின் வக்கீல் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டதாக நண்பர் எழுதினார்.

எல்லாம் முடிய இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. உத்தரவு வந்த அன்று டீச்சர் ஸ்கூல் விட்டு நேரே வந்தார், கையில் சாக்பீஸ் பவுடர்கூட உதறவில்லை. நான் உத்தரவைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். பீட்டர் என்று போட்டு, ஒரு குறி போட்டு, ராயப்பன் என்று போட்டு, அவருடைய விதவை ஞானம்மாள் என்று இருந்தது.

நடுவில் சுழித்திருக்கிற இது என்ன என்று கேட்டார். கடை பில்லில் விலைக்கு முன்னால் போடுவார்களே, இப்போது ஈமெயில் விலாசத்தில்கூட வருகிறதே, அந்தக் குறி. அந்த ஊரில் அதற்கு "என்கிற" என்று அர்த்தம், முதல் நாளே நான் அதைப் போட்டு அனுப்பியிருக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அர்த்தத்தை மட்டும் சொன்னேன். டீச்சர் அந்தச் சுழியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ராயப்பர்னு நான் சொன்னதாலதானே சார் இவ்வளவும்" என்றார். "பீட்டர்னு சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. என் வாயாலேயே அவரை இன்னொருத்தரா ஆக்கிட்டேன். ரெண்டு வருஷமா மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். இதையே எத்தனை தடவைம்மா சொல்லுவேன்னு சாமியாருக்கே சலிச்சுப் போச்சு."

தம்பியை, ஈப்போ ஆபீசை, தாலுகா ஆபீசை, வரி ஆபீசை, இரண்டு வருஷமாக நான் திட்டாத ஆள் கிடையாது. அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே, என் தப்பைத் தூக்கி அந்த அம்மாள் தலையில் வைத்துவிட்டு நான் ஸ்ரீரங்கத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். அவரோ அதைச் சுமந்துகொண்டு மாதம் தவறாமல் போய் முட்டி போட்டிருக்கிறார்.

அப்போதுதான் சொன்னேன். பெயரை மொழிபெயர்க்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியது நான், பத்திரத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியது நான், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, முதல் பதில் வந்த அன்றே எனக்கு இது தெரியும் என்றேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்.

டீச்சர் கோபப்படவில்லை. உத்தரவை நான்காக மடித்துப் பைக்குள், டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."